நேற்று அப்பா என்ன செய்தார்

2024 ஆகஸ்ட் பன்னிரண்டு, திங்கட்கிழமை. வழக்கம்போல் அலுவலக அறையைத் திறந்து, வருகைப் பதிவேடுகளை வகுப்பு வாரியாக அடுக்கி, சன்னல் விளிம்பில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வீசினால் திருவொற்றியூரில் எங்கள் பள்ளியில் துடைப்பதுதான் முதல் வேலை. பிறகு வெளிநாட்டுத் தம்பதியின் வகுப்புக்கு வெளியே மாட்டியிருந்த பச்சைத் துணிப் பலகையைப் பார்க்கப் போனேன். அதில் என்ன இருக்கிறது என்று தினமும் பார்த்துச் சொல்லும்படி தாளாளர் என்னிடம் கேட்டிருந்தார்.

கணவன், மனைவி இருவரும் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள். பாடப்புத்தகத்தை அதிகம் திறக்கமாட்டார்கள். நேற்று வீட்டில் என்ன சமையல், யார் வந்தார்கள், அப்பா என்ன செய்தார் என்று பிள்ளைகளைக் கேட்பார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதித் தருவதைப் பலகையில் குத்தி வைப்பார்கள். மாலையில் அந்த அம்மா ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படமெடுப்பார். எதற்கு என்று கேட்டேன். ஞாபகத்துக்கு என்றார். நான் நம்பவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள யாராவது கடல் கடந்து வருவார்களா? தெருவிலும் இதே பேச்சு இருந்தது. பள்ளி ஆயாம்மாதான் சிரிப்பார். "வேவு பாக்குறதா? வெயில்ல வெந்த எறா மாதிரி செவந்துபோய் கீதுங்க ரெண்டும். போ சார்."

அன்று காலை இறைவணக்கம் முடிந்ததும் நெட்டுக்குப்பத்து மாணவி ஒருத்தியின் அப்பா வந்தார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. முந்தைய வாரம் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு மச்சானின் படகில் கடலுக்குப் போயிருக்கிறார். நல்ல மீன்பாடு. மகள் அதை ஆசையாக எழுதி, ஓரத்தில் ஒரு வஞ்சிரமும் வரைந்திருந்தாள். வியாழக்கிழமை அது பலகையில் ஏறியது. சனிக்கிழமை ஒப்பந்தக்காரர் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு, கடல் காற்று பட்டதும் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறார்.

"வெள்ளக்காரன் பாடம் சொல்லித் தர்றானா, எங்க வூட்ட நோட்டம் பாக்குறானா?" என்றார் என்னிடம். குரல் உயரவில்லை. "அந்த வேலைய வச்சித்தான சார் பொண்ண இங்க படிக்க வச்சிகினு இருந்தேன்."

தம்பதியை வரவழைத்தேன். இரு பக்கமும் நானே மொழிபெயர்த்தேன். கணவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. மனைவி கைப்பேசியைத் திறந்து எல்லாப் படங்களையும் அந்த அப்பாவிடம் காட்டினார். பிறகு மெதுவாக ஒன்று கேட்டார்: பலகை வாசலைப் பார்த்துத்தானே இருக்கிறது, அதை யாரெல்லாம் படிக்கிறார்கள்?

ஃபீஸ் கட்ட வரும் பெற்றோர் படிப்பார்கள். அவர்களில் அதே தொழிற்சாலை ஆட்களும் உண்டு. வேன் ஓட்டுநர்கள் நின்று பார்ப்பார்கள். நான் மொழிபெயர்த்து முடித்ததும் அந்த அப்பா அவர்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ தெனிக்கும் படிப்பியாமே சார். பொண்ணு சொல்லிச்சு."

நான் பலகையில் கண்டதைத் தாளாளரிடம் மட்டுமே சொல்வேன். அவருக்கு மணலியில் தெரிந்தவர்கள் நிறைய. அன்று அறையில் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. செய்தியைக் கொண்டுபோனது யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பதி ஆண்டு முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மச்சானின் படகிலேயே போகிறார். பெண் இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். பச்சைப் பலகையில் தேர்வு அட்டவணை தொங்குகிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பா வந்துபோன மறுநாள், செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

அன்று காலை நான் முதலில் சன்னலைத் துடைக்கவில்லை. நேரே பலகைக்குப் போனேன். எனக்கு முன்பே அந்த வெள்ளைக்கார அம்மா வந்து, முந்தைய நாள் மதியம் பிள்ளைகள் எழுதித் தந்த தாள்களைக் குத்திக்கொண்டிருந்தார். கைப்பேசி பைக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு தாளாகப் படித்தேன். கையெழுத்துத்தான் வேறு வேறு. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: நேற்று என் அப்பா வீட்டில் இருந்தார்.

ஒரு பிழையும் இல்லை.