அண்ணன் கேட்ட லோ வோல்டேஜ்

நாக்கில் புற்று வந்த என் அண்ணன், இனி ரேடியேஷனுக்குப் போகமாட்டேன் என்று பாதியில் உட்கார்ந்துவிட்டார். காரணம் நானாம். அண்ணி போனில் அழுதபடி இதைச் சொன்னபோது காட்டாங்குளத்தூர் ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சும் பம்புக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன்.

என் வேலை இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுப் பாத்திரத்துக்குள் ஒரு மருந்தின் ஆவியை விட்டு, அதன்மேல் மிக மெதுவான எலக்ட்ரான்களை அனுப்புவோம். வேகமானது இடித்துவிட்டு ஓடிவிடும். மெதுவானது மூலக்கூறில் ஒட்டிக்கொள்ளும். அது தாங்காமல் மூலக்கூறு அறுந்துபோகும். எந்தத் துண்டு விழுகிறது என்று பார்ப்போம். கதிர் சிகிச்சைக்குத் துணையாகும் மருந்துகளை உருவாக்க இது தெரியவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேட்டார், சொன்னேன். முழுதாகத்தான் சொன்னேன்.

அண்ணன் தன் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தார். கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருந்தது.

“ஏன்ணா போகல?”

“நீதானம்மா சொன்ன, ஸ்லோவா வர்ற எலக்ட்ரான்தான் உடைக்குதுன்னு. லோ வோல்டேஜ்லதான மோட்டாரே எரியுது. அங்க இன்னாடான்னா ஃபுல் பவர்ல வெச்சுக் கொளுத்திகினு கீறாங்க. கொறச்சு வைங்கன்னேன். அந்த மெஷின் பொண்ணு சிரிக்குது.”

“சிரிக்காம? அது என்ன ஃபேனா, ரெகுலேட்டரைத் திருப்ப?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னதில் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“மெதுவான எலக்ட்ரானை வெளியிலேருந்து விட்டா உன் மீசையைக்கூடத் தாண்டாதுண்ணா. ஃபுல் பவர் கதிர்தான் உள்ள கட்டி வரைக்கும் போகும். அங்க போய் எலக்ட்ரானைக் கிளப்பி விடும். அதுங்க இடிச்சு இடிச்சு மெதுவாகும். அப்புறம்தான் நான் சொன்ன உடைப்பு. இதையும் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?”

“சொல்லியிருப்ப. காதுல ஏறல.” கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். “எரியுதும்மா. தண்ணி முழுங்கினாலும் எரியுது.”

“அதைச் சொல்லு. என் எலக்ட்ரானை ஏன் இழுக்குற? டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா நிறுத்திடுவாங்களோன்னு பயம்.”

நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தவர்தான் தானே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இவரை என்ன செய்வது?

“இந்த எரிச்சல் எப்ப போகும்? உன் பாத்திரத்துல தெரியுமா?”

“தெரியாது” என்றேன். அதைச் சொல்ல எரிச்சலாகத்தான் இருந்தது. வருஷக்கணக்காக அந்தப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அதற்குள் இருப்பது ஆவி. அதற்கு வாய் கிடையாது, புண் வராது.

அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எரிச்சலுக்கு மருந்து இருக்கிறதாம். கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பார்களாம். இனி ஒருநாள்கூட விடக்கூடாது என்று திட்டினார்கள். திட்டு எனக்கு.

மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகும்போது, “ஃபுல்லாவே வைம்மா” என்று அந்த மெஷின் பெண்ணிடம் அதிகாரமாகச் சொன்னார், ஏதோ இவர் சொல்லித்தான் அவள் வைக்கப்போவது மாதிரி.