அக்கா இடுப்பில் என் மகள்

போன வருடம் சாரல் நேரத்தில் தென்காசியில் நடந்தது இது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், எங்கோ வடக்கே. அம்மா வீடு வீரகேரளம்புதூரில். படுத்துக் கிடக்கும் அப்பாவைக் கவனிக்கவே அம்மாவுக்குப் பொழுது சரியாக இருக்கிறது. அதனால் என் மூன்று வயது மகளை அடுத்த தெருவில் ஓர் அக்கா வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவேன். தன் மகன்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டதால், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் அவர். போர்டெல்லாம் கிடையாது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அக்காவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். என் ரசத்தைத் துப்பும் மகள், அவர் வீட்டு ரசத்தைக் கிண்ணத்தோடு குடிப்பாள். வெட்கத்தை விட்டு அவரிடமே பக்குவம் கேட்டு வந்து வைத்தேன். அதையும் துப்பினாள். ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று, அங்கே போகணும் என்று அழுவாள். அவள் தலையில்கூட அந்த வீட்டு எண்ணெய் வாசம்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டு அண்ணன்மார் கூப்பிடுவதைக் கேட்டு, அக்காவை இவளும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். என்னை? "ஏட்டி, டிபன் பைய வச்சிட்டுப் போறியே!" என்று அக்கா வாசலில் நின்று கத்துவாரே, அதைக் கேட்டுப் பழகி என்னை 'ஏட்டி' என்பாள். எங்கள் பக்கத்தில் 'அடியே' என்பதுதான் 'ஏட்டி'. தெருவே சிரிக்கும். நானும் பல்லைக் காட்டிவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அன்றைக்கு அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டதால் லாட்ஜில் ஆளே இல்லை, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மகளைக் கைக்குள் போட்டுக்கொள்ள மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா வீட்டு வாசலில் அரசு ஜீப் நின்றது.

உள்ளே, பிள்ளைகள் காப்பகங்களைச் சோதிக்கிற ஒரு பெண் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாயில் பிள்ளைகள் தூக்கம் கலைந்து முழித்துக்கொண்டிருந்தன. அக்காவுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. அனுமதி இல்லாமல் வெளிப்பிள்ளைகளை வைத்திருந்தால் வீட்டையே பூட்டிவிடுவார்கள் என்று தெருவில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

"எல்லாம் எங்க சொந்தக்காரப் பிள்ளைங்க மேடம். வெளிப்பிள்ளை ஒண்ணுகூட இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் நுழைந்தேன். எங்கள் பக்கத்தில் நாலு நாள் பழகினாலே அக்கா, மதினி, அத்தை என்று முறை வைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் வந்த பொய் அது.

அதிகாரி, அக்காவின் இடுப்பில் இருந்த என் மகளின் கன்னத்தைத் தட்டி, "இவங்க யாரு பாப்பா?" என்றார்.

"அம்மா."

"அப்போ அங்க நிக்கிறது?"

"ஏட்டி."

அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

அக்காவின் கண்கள் கெஞ்சின. மகள் அவரை 'அம்மா' என்று காட்டிய பிறகு பெற்றவள் நான் என்று சொன்னால், அக்கா சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். இந்த வீட்டைப் பூட்டினால் நாளைக்கு என் பிள்ளையை எங்கே விடுவேன்? வேலை போய்விடும். "சித்தி... இவ எங்க அக்கா மக" என்றேன்.

என் வாயாலேயே என் பிள்ளையை அவருக்கு எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது. என் மகளோ அவர் தோளில் சாய்ந்து விரல் சப்பிக்கொண்டிருந்தாள். அந்த நிமிடம் அக்காமேல் வந்த பொறாமை மாதிரி என் வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளை இறக்கி என் கையில் திணித்தார்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். பெத்தவ இந்தா நிக்கா. வீட்டப் பூட்டுனாலும் பூட்டிட்டுப் போங்க. இவ வாயால இப்படிச் சொல்ல வச்சிட்டேனே, நான் என்ன பொம்பள!"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரையும் பார்த்து மகளும் வீல் என்று கத்த ஆரம்பித்தாள்.

அதிகாரிதான் பாவம், திகைத்துப்போனார். "பூட்டுறதுக்கு யாரும்மா வந்தா? பதிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். சொந்தக்காரப் பிள்ளைன்னு சொன்னா நானும் அப்படியே எழுதிட்டுப் போயிருவேன். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுறது?" என்றவர் எழுந்து பின்பக்கம் போனார். கிணற்றுக்கு மூடி இல்லை என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். கேஸ் சிலிண்டர் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததற்கும் திட்டு விழுந்தது. இந்த இடத்துக்கு இத்தனை பிள்ளைகள்தான் என்று கணக்கு இருக்கிறதாம். பதிவு என்றால் ஏதோ ஒரு தாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அத்தனை நாள் அந்தக் கிணற்றைத் தாண்டித்தானே என் மகள் ஓடி விளையாடினாள்!

பெற்றோர்கள் சேர்ந்து கிணற்றுக்குக் கம்பி வலை போட்டோம். அலுவலகத்துக்கு அலைய அக்காவுக்குத் துணையாக நானே போனேன். அதிகாரி ஆய்வுக்கு மறுபடி வந்து பார்த்த பிறகு அனுமதி கிடைத்தது. இப்போது வாசலில் போர்டும் இருக்கிறது.

என் பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்குக் காலையில்கூட என் கையிலிருந்து அவரிடம் தாவினாள் மகள், எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் இடத்தை நானே விட்டுக்கொடுத்த அன்று, அதை எடுத்துக்கொள்ளாமல் தன் வீடே போனாலும் பரவாயில்லை என்று எனக்குத் திருப்பித் தந்தவர் அவர். அதனால்தான் வயிறு எரிந்தாலும், பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக என்னால் பஸ் ஏற முடிகிறது.