செல்வியின் கிராம்பு ஜூஸ்

அலுவலகத்தில் கூட்டம் நீண்டுகொண்டே போனால் எங்கள் மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பாத்ரூம் பிரேக்!" என்று சத்தமாக அறிவிப்பார். ஆண்களும் பெண்களுமாக எழுந்து, பேசிக்கொண்டே அவரவர் கதவுக்குள் நுழைந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தபடியே திரும்பி வருவார்கள். கனடாவின் மேற்குக் கரைக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது மட்டும் கைவரவில்லை. அவசரமாக யாரோ கூப்பிட்டதுபோலப் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் எழுந்து போவேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெண்கள் இதற்கு ஒரு பெயர்கூடச் சொல்வதில்லை. "போயிட்டு வந்துடறேன்" என்றால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெயரே சொல்லாமல் வளர்ந்துவிட்டதால், அந்த இடத்தில் ஒரு வியாதி வந்தால் அதையும் எங்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. 'சூடு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடுவோம்.

அந்தச் சொல்லைத்தான் நான் இங்கே கிளினிக்குக்கும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முதல்முறை நீர்க்கடுப்பு வந்திருந்தது. செவிலியரிடம், உடம்பில் ஹீட் என்றேன். அவர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரம் இல்லையே" என்றார். ஜுரம் இல்லை, ஹீட், உள்ளே ஹீட் என்றேன். அவர் யோசித்துவிட்டு, வீட்டில் ஹீட்டரை அதிகமாக வைத்திருக்கிறீர்களா என்று பரிவோடு கேட்டார். இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, மாதவிடாய் நிற்கும் வயதா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் கையால் காட்டி விளக்கினேன். "ஓ, யூடிஐ!" என்று சிறுநீர்த் தொற்றின் ஆங்கிலப் பெயரை அவர் சொன்னது வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரிசோதனை செய்து மாத்திரை தந்தார்கள், சரியானது. சில மாதங்களில் மறுபடி வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. அப்போதுதான் டாக்டர் கிரான்பெர்ரி என்ற புளிப்புச் சிவப்புப் பழத்தின் ஜூஸைப் பற்றிச் சொன்னார். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் பெண்களில் சிலருக்கு, அடுத்த தடவை வருவதை அது குறைக்கலாம். எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வந்துவிட்டால் ஜூஸை நம்பிக்கொண்டிருக்காமல் தன்னிடம் வரவேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் மனதில் நின்றது. எனக்கு மறுபடி வராமலும் போனது. அது ஜூஸினாலா, வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்ததாலா என்று நான் ஆராயவில்லை.

கிரான்பெர்ரி எனக்கு உடனே பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் காவிரி டெல்டாவைப்போல, நான் இருக்கும் இடமும் ஒரு கழிமுகம்தான். ஃப்ரேசர் ஆறு கடலில் கலக்கும் தாழ்ந்த நிலத்தில் அந்தப் பழத்தைப் பயிரிடுகிறார்கள். அக்டோபரில் வயல் வயலாகத் தண்ணீரைக் கட்டி, செடியை உலுக்கிவிட்டால் பழமெல்லாம் மிதந்து மேலே வந்துவிடும். முதல்முறை பார்த்தபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். தண்ணீர் கட்டிய வயலைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கால் நிற்காது. இடுப்பு வரை ரப்பர் கால்சட்டை போட்ட ஆணும் பெண்ணும் பழத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். வயலின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கழிப்பறை இருந்தது. அன்று அதைப் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

ஊரில் எங்கள் நிலத்தை என் தங்கை செல்விதான் பார்த்துக்கொள்கிறாள். அவள் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் கயல் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாற்று விடுவது, ஆள் கூப்பிடுவது, வாய்க்காலில் முறைத் தண்ணீருக்கு மல்லுக்கு நிற்பது எல்லாம் செல்விதான். என் பங்கு நிலமும் அதில் இருக்கிறது. நான் விட்டுவிட்டு வந்ததை அவள் சுமக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் ஒவ்வொரு தடவையும் பெட்டி நிறையப் பொருள் கொண்டுபோவேன். அவளுக்கும் இந்தச் சூடு அடிக்கடி வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, போன பயணத்தில் சேலைகளுக்கு நடுவே கிரான்பெர்ரி ஜூஸ் பாட்டில்களைச் சுற்றி எடுத்துப்போனேன்.

ஒரு மடக்குக் குடித்ததும் அவள் முகம் கோணிக்கொண்டது. "என்னக்கா இது, புளியக் கரைச்சு சாயம் போட்ட மாதிரி இருக்கு. என்னா பேரு சொன்ன, கிராம்பு ஜூஸா?"

"கிரான்பெர்ரிடி. எனக்கு இதனாலதான் நின்னுச்சு. சூடு புடிச்சா இதக் குடி."

இந்தக் கடைசி வரிதான். எனக்கு டாக்டர் சொன்னதை அப்படியே தலைகீழாக்கி, ஒரு மருந்துச் சீட்டைப்போல அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் நான்கு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, மீதியைப் பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைத்தாள். சீமையிலிருந்து அக்கா கொண்டுவந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். பிறகு நான் தெரிந்தவர்கள் மூலமாகவும் பாட்டில் அனுப்பினேன்.

போன அக்டோபரில் தாளடிப் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தபோது செல்வி கூப்பிட்டாள். எனக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். ஒரு கையால் காலணியை மாட்டிக்கொண்டே பேசினேன்.

"சூடு புடிச்சிக்கிச்சுக்கா. உடம்பெல்லாம் ஒரே சூடாக் கெடக்கு. இடுப்பு வேற விட்டுப்போவுது."

"நாத்துக்கட்டத் தூக்குனியா?"

"தூக்காம? ஆளு பத்தல. நானும் எறங்கிட்டேன்."

"அதான் இடுப்பு வலி. ஜூஸ் இருக்குல்ல? குடி. தண்ணி நெறையக் குடி. நான் சாயங்காலம் பேசறேன்."

சாயங்காலம் நான் பேசவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில் சிவப்புப் பழம் மிதக்கும் வயலைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 'உன் கிராம்பு ஜூஸ் இங்கேதான் விளையுது' என்று கீழே எழுதியிருந்தேன். அவள் அதற்குச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தாள்.

மூன்றாம் நாள் போனில் வந்தது கயலின் குரல். "பெரியம்மா, பயப்படாதீங்க. அம்மாவ தஞ்சாவூருக்குக் கொண்டாந்துட்டோம். வயல்லயே குளுரு வந்து வெடவெடன்னு ஒதறி விழுந்துடுச்சு. நடவாளுங்கதான் ஆட்டோ வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. கிருமி கிட்னி வரைக்கும் போயிடுச்சாம், ரத்தத்துலயும் கலந்துருக்கான்னு பாக்குறாங்க."

"டாக்டர்ட்ட ஏண்டி முன்னாடியே போவல?"

"நான் போன்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் பெரியம்மா. அம்மாதான், அக்கா ஜூஸ் குடிக்கச் சொல்லியிருக்கு, அக்காவுக்கு வந்து சரியாப்போன வியாதிதான்னு சொல்லிச்சு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். 'உடம்பெல்லாம் சூடு' என்று செல்வி சொன்னது ஜுரத்தை. இடுப்பு வலி என்றது சிறுநீரகத்தின் வலியை. சூடு என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே ஒரு வெள்ளைக்காரச் செவிலியர் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரை வைத்தார். அந்தச் சொல்லிலேயே பிறந்து வளர்ந்த நான், ஜுரம் அடிக்கிறதா என்று கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாவது தெரியாமல் குடித்தாள். எனக்கு டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றி, செல்வி மெல்லத் தேறினாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கயல் போனைக் கொடுத்தாள். "ஜூஸ் குடிச்சதால கெட்டுப்போகலைங்க. அதை நம்பி நாளைக் கடத்துனதுலதான் கெட்டுச்சு. இன்னும் தள்ளியிருந்தா சொல்ல முடியாது," என்றார். கோபமில்லாத குரல். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனேன். செல்வி இளைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததுமே, "நீ நல்லதுக்குத்தானே சொன்ன, விடு" என்று அடக்கிவிட்டாள். அந்த 'விடு' என்ற சொல்லை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. மறுநாள் காலை களையெடுப்புக்கு அவளோடு வயலுக்குப் போனேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். உச்சி வெயில் வரும் வரை செல்வி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

"தண்ணி குடிடி. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"குடிச்சா எங்கக்கா போறது?" என்று வயலைச் சுற்றிக் கையைக் காட்டினாள். ஒரு பக்கம் தார்ச்சாலை. மோட்டார் கொட்டகை நிழலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் மறைவாக இருந்த புதரையும் தூர்வாரியபோது அழித்துவிட்டார்களாம். "இவளுங்களும் காலையில நீராகாரத்தோட சரி. சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான்."

"கொட்டகைக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டிடலாம். நான் கட்டித் தரேன்."

"கட்டு. அத்தன ஆம்பளையும் பாத்துக்கிட்டு இருக்கறப்ப நீ மொதல்ல உள்ள போயிட்டு வா. அப்பறம் நாங்க போறோம்."

குனிந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ எப்பக்கா குடிச்ச?"

யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து நானும் குடிக்கவில்லை. திருச்சியில் விமானம் இறங்கியதிலிருந்தே, யாரும் சொல்லாமல், நானே அறியாமல், தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது.

"மொதல்ல நீ குடி. அப்பறம் நான் குடிக்கறேன் பாரு," என்றாள்.

மூடியைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். களையெடுத்தவர்களெல்லாம் நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். செல்வி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் தண்ணீரை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு, அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.