லோனாக்கிலிருந்து இறங்கிய கூடை

லோனாக் மேய்ச்சல் வெளிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் யாங்செனுக்கு உறைத்தது, வழியெல்லாம் புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. யாக் மாடுகளை ஓட்டும்போது தொண்டுப்பின் வாய் சும்மா இருக்காது. பாங்பேமா அடிவார முகாமுக்கு மலையேறிகளின் சுமையைக் கொண்டுபோவது அவனுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி. உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியென்று சுருண்டு படுக்கும் வெளியூர்க்காரர்களைக் கேலி செய்வான். இந்த முறை ஊரில் வந்த காய்ச்சல் முழுசாக விடும் முன்பே கிளம்பிவிட்டான்.

"என்ன மச்சான், யாக் உன்னை ஓட்டிக்கிட்டு வருதா?" என்று சீண்டினான் அவள் தம்பி மிங்யூர்.

தொண்டுப் பதிலுக்குத் திட்டவில்லை. கல்லில் உட்கார்ந்துவிட்டான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலையில் பனிமலைகளை மேகம் மூடியிருந்தது. காற்று அறவே இல்லை. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பில் காதை வைத்தாள். உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம்.

"அடுப்புப் புகைடி," என்றான்.

"புகை இப்படிக் கொதிக்காது. கீழ போயாகணும்."

"ஊரு சிரிக்கும்டி. இங்கயே பொறந்தவனுக்கு மலை ஒத்துக்கலன்னு."

"சிரிக்கட்டும். அதைக் கேக்க நீ உசுரோட இருக்கணும்ல?"

சுமையையும் யாக்குகளையும் மற்ற ஆட்களிடம் விட்டார்கள். நாலடி நடந்ததும் அவன் முழங்கால் மடங்கியது. மிங்யூர் விறகுக் கூடையின் ஒரு பக்கத்தை அறுத்து அவனை அதில் உட்காரவைத்தான். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி அக்காவும் தம்பியும் மாறி மாறிச் சுமந்தார்கள்.

கீழே அடுத்த ஊரான கம்பாசேனுக்கு முன்னால் கல் சரியும் சரிவு. விடியற்காலையில் உறைபனி கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறினால் விட்டுவிடும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேகம் கலைந்து உச்சிவெயில் அடித்தது. மேலே எங்கோ கற்கள் உருண்டன.

"அக்கா, காலையில தாண்டலாம்."

"காலை வரைக்கும் தாங்குவானா, சொல்லு?"

மிங்யூர் கூடையை எடுக்கக் குனிந்தான்.

"நீ முன்னாடி ஓடு," என்று கூடையை அவளே தூக்கிக்கொண்டாள். பாதி வழியில் மேலே இடிபோல் முழங்கியது. கால் வழுக்கும் பாதையிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் தொண்டுப் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நில்லு," என்றான், மூச்சுக்காற்றாக.

நின்றாள். கன்றுக்குட்டி அளவுக் கல் ஒன்று அவளுக்கு முன்னால் பாதையைத் தட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்தது. முகமெல்லாம் மண்.

"இப்ப போ."

போனாள். அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் கூடையை இறக்கினாள்.

கம்பாசேனில் அவன் இரண்டு மடக்கு வெண்ணெய்த் தேநீர் குடித்தான். மறுநாள் இன்னும் கீழே, சொந்த ஊரான குன்சாவுக்கு இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டான்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அதன்பிறகு மேலே போகவில்லை. யாக்குகளை மிங்யூர் ஓட்டுகிறான், தொண்டுப் உருளைக்கிழங்கு வயலோடு இருக்கிறான். குளிர்காலத்தில் அவனுக்கு இருமல் வரும். அப்போது யாங்சென் கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். இருமல் அடங்கும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.