நேரந்தப்பி அடித்த மணி

சண்டை முடிந்த வருசம் நான் ஹேர்னிங் என்ற டெனிஷ் நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் நின்ற ஒரு கிராமத்துத் தேவாலயத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். தையல் ஃபெக்டரி மூடிய பிறகு கிடைத்த வேலை. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர், அது லூத்தரன் கோயில். வாளியும் துணியும் பிடிக்கிறவளிடம் அதை யாரும் கேட்கவில்லை.

எண்ணூறு வருசத்துக் கட்டடம் என்றார்கள். செதுக்கிய கருங்கல்லை அடுக்கி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது. சன்னலின் உள்விளிம்பைத் துடைக்க நான் தோள்வரை கையை நீட்டவேண்டும், சுவர் அவ்வளவு தடிப்பு. வடக்குப் பக்கத்தில் கல்வைத்து அடைத்த ஒரு வாசல். ஒருகாலத்தில் பெண்கள் அதால்தான் உள்ளே வருவார்களாம். தெற்கு வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன முன்கூடம் இருந்தது. அதை டெனிஷில் ‘ஆயுத வீடு’ என்பார்கள். ஆண்கள் வாளை அங்கே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போகவேண்டுமாம். இப்போது அங்கே குடைகளும் நான் கூட்டுகிற தும்புத்தடியும்தான் நின்றன.

என் தம்பி, மனைவியோடும் சின்னப் பிள்ளையோடும், வன்னியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் அகப்பட்டிருந்தான். கடைசியாகப் போன் எடுத்தபோது, “அக்கா, பங்கருக்குள்ள தண்ணி வந்திட்டுது. எப்பிடியும் வெளிக்கிடப் பாக்கிறம்,” என்றான். பிறகு அந்த போனுக்கு உயிரில்லை.

அந்த நாட்களில் கோயில் கூரையின் வளைவில் சுண்ணாம்புக்கு அடியில் பழைய ஓவியம் ஒன்று தெரிந்தது. தீர்ப்பு நாளில் கல்லறைகளிலிருந்து எழும்பி வருகிற சனங்கள். அதை மீட்க இரண்டு பேர் சாரம் கட்டி, மல்லாந்து கிடந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தார்கள். ஒரு பெண்ணின் கை வெளியே வர ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. நான் கீழே விழுந்த தூசியைக் கூட்டுவேன். இடைக்கிடை நிமிர்ந்து அந்தக் கையைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வரும். கூரையில் கீறின ஒரு கைக்கு இரண்டு ஆட்கள், இத்தனை நாள்.

வைகாசியில் ஒரு பகல். ஓவியக்காரர் வரவில்லை, நான் தனிய நின்றேன். என் மனுசன் போன் எடுத்தார்.

“முடிஞ்சுதாம்.”

“என்ன முடிஞ்சது?”

“எல்லாம். கொழும்பில வெடி கொளுத்துறாங்கள், ரீவீல காட்டுது.”

“தம்பி?”

அவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

முழங்காலில் இருந்தேன். ‘பரலோகத்திலிருக்கிற’ என்று தொடங்கின செபம் அதற்கு அப்பால் போகவில்லை. எழும்பிக் கோபுரத்துக்கடியில் போனேன். மணிக்கயிறு தொங்கியது. பிடித்து இழுத்தேன். காலையும் மாலையும், பூசைக்கும், சாவுக்கும் மட்டும் அடிக்கிற மணி அது. நான் நிற்பாட்டாமல் இழுத்தேன். உள்ளங்கை உரிந்ததுகூடத் தெரியவில்லை.

சேமக்காலைக் கல்லறைகளைப் பராமரிக்கிற பெண் முழங்கால் மண்ணோடு ஓடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் முன்வீட்டுக் கிழவர்.

“எங்க நெருப்பு?” என்று அவள் டெனிஷில் கத்தினாள்.

“ஆர் செத்தது?” என்றார் கிழவர்.

“தெரியாது,” என்றேன். “எங்கட நாட்டில சண்டை முடிஞ்சிட்டுது. ஆர் செத்தது, ஆர் இருக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

கிழவர் என்னை விளங்காமல் பார்த்தார். ஜெர்மன்காரர் சரணடைந்த நேரம் தான் சின்னப் பெடியன் என்றார். ஊர் ஆம்பிளைகள் இதே கயிற்றை மாறி மாறி இழுத்தார்களாம். சனம் ரோட்டில் கட்டிப்பிடித்து அழுததாம், சன்னலெல்லாம் மெழுகுதிரி எரிந்ததாம். “சண்டை முடிஞ்சா நல்லதுதானே?” என்று கேட்டார். மனதில் களங்கமில்லாமல்தான் கேட்டார். நான் திரும்பவும் கயிற்றைப் பிடித்தேன்.

அந்தப் பெண் என் உள்ளங்கையைக் கண்டுவிட்டாள். “நீ இரு, நான் அடிக்கிறன்,” என்று கயிற்றை வாங்கினாள். ஒரு அடி. நீண்ட இடைவெளி. பிறகு இன்னொரு அடி. பிரேதம் கொண்டுவரும்போது அப்படித்தான் அடிப்பார்கள். எனக்காகத்தான் செய்தாள், பாவம். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

“அப்பிடி அடிக்காதே! அவன் சாகேல்லை!”

தமிழில்தான் கத்தினேன். ஆனாலும் அவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

ஆடியில், சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து தம்பியின் மனைவி கதைத்தாள். அவளும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். சனம் ஆமிப் பக்கம் வந்து சேர்ந்த இடத்தில், பிள்ளைக்குத் தண்ணி எடுக்கப் போன தம்பி திரும்பி வரவில்லை. ஆமி அவனை பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டதாக ஒருவர் சொன்னாராம். எந்த பஸ், எங்கே போனது, யாருக்கும் தெரியாது.

மார்கழியில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சாமியார், தம்பியின் ஆத்மாவுக்காகப் பூசை ஒன்று வைப்போமா என்று தன்மையாகக் கேட்டார். நான் அவன் மனைவியைக் கேட்டேன்.

“வேண்டாம் மச்சாள்,” என்றாள். “வைச்சா, அவர் இல்லை எண்டு நாங்களே சொன்ன மாதிரிப் போயிடும்.”

இன்றுவரை வைக்கவில்லை.