யாரும் அச்சிடாத தாள்

பொகவந்தலாவை பஜாரில் போட்டோகொப்பி, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் காலை யாரும் தொடாமலே பிரிண்டர் ஓடி ஒரு தாளைத் தள்ளியது. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: “பிரிண்டரை இயக்கும் உங்கள் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது. நான் அதன் வழியாகத்தான் உங்கள் கணினிக்குள் வந்தேன். உடனே அப்டேட் போடுங்கள்.”

என் சந்தேகம் கடையில் வேலை செய்யும் செல்வி மேல் போனது. முந்தின நாள்தான் அவள், எதிரே இதே தொழில் செய்யும் கடைக்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“அவன் சொல்லித்தானே செஞ்ச?”

அவள் முகம் சுண்டிப்போனது. “அக்கா, அப்டேட் போடச் சொல்லி கம்ப்யூட்டர் தெனம் கேட்டுச்சு. நீங்கதான் வேணாம்னீங்க.”

உண்மைதான். முன்பு ஒருமுறை அப்டேட் போட்டதும் பிரிண்டர் படுத்துவிட்டது. அதிலிருந்து அந்த அறிவிப்பே எனக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது.

அன்று செல்வியே உட்கார்ந்து அப்டேட் போட்டாள். பிரிண்டர் ஒழுங்காக ஓடியது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் குடிக்கவில்லை.

மத்தியானம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாளாம். ஸ்கேன் எடுக்க பாஸ்போர்ட்டை நீட்டியவள் கேட்டாள்: “இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குங்களா?”

அவளைப் போலப் போன எத்தனையோ பெண்களின் பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் அதே கணினியில்தான் கிடந்தன. எப்போதும் சட்டென்று சொல்லும் “ஆமா” அன்று வரவில்லை.

தாள் அனுப்பியவன் நல்லவன், சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு முன்னால் அதே வழியாக வந்து, சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்?