கருப்பனுக்கு நேர்ந்துகொண்ட பாட்டில்

குடியை விட்டதற்குச் சாமிக்கு நன்றி சொல்ல எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் பிராந்தி வாங்க வேண்டி வந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மேலூர்ப் பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை, "ஆஃபா, ஃபுல்லா?" என்று விசாரிக்கிறார்கள்.

நான் கை நடுங்கி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மனைவி எங்கள் குலசாமி கருப்பனிடம் நேர்ந்துகொண்டாள். இந்த மனுஷன் ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தால் கிடா வெட்டிப் படையல் போடுகிறேன் என்று. அழுகிற நேரத்தில் யாரும் படையலில் என்னென்ன வரும் என்று யோசிப்பதில்லை. எங்கள் கருப்பனுக்குப் படையல் என்றால் கிடா, சுருட்டு, பாட்டில். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாமிக்குக் கோபம் வரும். சாமிக்கு வராவிட்டால் பங்காளிகளுக்கு வரும்.

மேலூர் ரோட்டில் ஓர் எடைமேடையில் எனக்கு வேலை. கல் ஏற்றிய லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தபடி அந்த ஒரு வருஷத்தை எப்படியோ ஓட்டிவிட்டேன். வண்டியூர் வீட்டில் ஒரு நாள் காலை அவள் படையல் சாமான்களுக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். மஞ்சள், எலுமிச்சம்பழம், சுருட்டு வரை போன பேனா அதற்கு மேல் நகரவில்லை.

"என்னங்க, பாட்டிலும் வைக்கணுமே?"

"வச்சுத்தானே ஆகணும். சாமி காரியம். நானே வாங்கிட்டு வாரேன்."

பதில் வந்த வேகம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அன்றிலிருந்து என் பக்தி பெருகிற்று. குலசாமி கோயில் எந்தத் திசை என்று அப்பா சொல்லித்தான் தெரியும் என்றிருந்த ஆள், வேலை முடிந்து கோயில் இருக்கும் கண்மாய்க்கரைக்குப் போய்ப் புல் செதுக்க ஆள் விட்டேன். பூசாரி எனக்குச் சித்தப்பா முறை. அவரிடம் பாட்டிலின் அளவைப் பற்றி இரண்டு தடவை கலந்து பேசினேன். சாமிக்குப் போய் மட்டமான சரக்கு வைக்கலாமா என்று உண்மையிலேயே மனம் நொந்தேன். வீட்டிலும் நான் தங்கமான மனுஷனாகிவிட்டேன். வேலை முடிந்து வரும்போது தினமும் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தேன்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் பேசவில்லை. படைத்த பாட்டிலில் கொஞ்சத்தை மண்ணில் ஊற்றிவிட்டு மீதியைப் பங்காளிகள் பிரசாதமாகக் குடிப்பார்கள். முதல் மடக்கு நேர்த்திக்கடன்காரருக்கு. வேண்டாம் என்று சொன்னால் சாமிகுத்தம். இதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நினைத்துக்கொண்டேன்.

இதற்கு முன் இரண்டு தடவை குடியை விட்டு, இரண்டு தடவையும் வழுக்கி விழுந்தவன் நான். முதல் தடவை சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். ஒரு மண்டலம் என்னைப் பார்த்துத் தெருவே கும்பிட்டது. மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போனேன். இரண்டாம் தடவை ஏழு மாதம் தாக்குப்பிடித்து, ஒரு புதுவீட்டு விசேஷத்தில் ஒண்ணே ஒண்ணு என்று எடுத்தேன். அந்த ஒன்றைக் குடித்து முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. மூன்றாம் தடவைதான் ஆஸ்பத்திரி. ஈரல் இனிமேல் தாங்காது, அடுத்த தடவை இவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்து பிரயோசனம் இல்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார்.

குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் கூட்டம் ஒன்றுக்கு நான் போவதுண்டு. அங்கே பழக்கமானவர் ஒரு பஞ்சர் கடைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், குடியை விட்டு ஆறு வருஷம் ஆனவர். அவர் கடையில் உட்கார்ந்து கருப்பனின் பெருமைகளையும் பிராந்தியில் உள்ள தராதரங்களையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் டயரிலிருந்து ஆணியைப் பிடுங்கியபடி சிரித்தார்.

"அண்ணே, கிளாஸைத் தொடுறதெல்லாம் கடைசிலதாண்ணே. நீங்க ரெண்டு வாரமா குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க. இன்னும் வாயில ஊத்தல, அம்புட்டுத்தான்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. சாமி விஷயத்தில் இப்படிப் பேசலாமா என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் அவர் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. அப்படி எடுக்காமல் இருந்ததும் அந்தக் குடியில் சேர்த்திதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

படையலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மனைவி பட்டியலைப் பிரித்துக் கொடுத்தாள்.

"பாட்டிலைத் தம்பி வாங்கிட்டு வருவான். நீங்க வாழையிலை வாங்கிருங்க."

கருப்பனுக்காக எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மச்சினனுக்கு நல்ல சரக்கு எது என்று தெரியுமா, இந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை என்று கத்தினேன். ஒரு வருஷமாகச் சண்டை இல்லாத வீட்டில் வாழையிலைக்காகச் சண்டை நடந்தது. அவள் வாழையிலைக்குப் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தாள். மறுநாளும் நான் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

படையலன்று உச்சி வெயில். கண்மாய்க்கரையில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். கிடாவை வெட்டியாயிற்று. உருமி முழங்க, சித்தப்பாவுக்கு அருள் வந்தது. பாட்டிலைத் திறந்து மண்ணில் ஊற்றினார். பிறகு பித்தளை டம்ளரில் ஊற்றினார். அந்த வாசனை வந்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. எனக்கு அது வேண்டும். வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என்னிடம் இல்லை. டாக்டர் இல்லை, கூட்டம் இல்லை, அவளும் இல்லை.

"நேந்தவன் வாடா, முதல் மடக்கு வாங்கிக்கடா" என்று சாமி கூப்பிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு பயபக்தியோடு இரண்டு கைகளையும் நீட்டினேன். நீட்டிய கைக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் டம்ளர் என் மனைவி கையில் இருந்தது.

"நேந்தது நான்தான் சாமி. இவர் இல்ல."

சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

அதுவரை எங்கள் கோயிலில் ஒரு பெண்பிள்ளை அந்த டம்ளரைத் தொட்டதில்லை. ஆனால் நேர்ந்தவருக்குத்தான் முதல் மடக்கு என்பது முறை. முறையைச் சொன்னவளிடம் எந்தப் பங்காளி என்ன பேசுவான்? உருமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். சாமிக்கே என்ன செய்வதென்று தெரியாமல் சட்டென்று மலையேறிவிட்டது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

அவள் இருமினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்னக்கா இது" என்று தம்பி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிறாற்போல் கேட்டாள்.

"இந்தக் கருமத்துக்காகத்தானா?"

இருபத்தோரு வருஷத்தில் அவள் என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறாள். எதுவும் இந்த அளவுக்கு வலித்ததில்லை.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு நாலு மணிவாக்கில் பைக்கில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்தவள் தலையை நிறுத்த முடியாமல் என் தோளில் சாய்ந்தாள். அவள் மூச்சோடு பிராந்தி வாசனை என் மூக்குக்கு வந்தது. இத்தனை வருஷமாக அவள் என்னிடம் முகர்ந்த வாசனை. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஆசையாகவும் இருந்தது. மேலூர் தாண்டியதும் இடது பக்கம் ஒரு மண்பாதை பிரியும், அதில் கொஞ்ச தூரத்தில் கடை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு, சாமான் ஒன்றை மறந்துவிட்டேன் என்று திரும்பி வரலாம். பொய்கூடத் தயாராகிவிட்டது. அதைக் கண்டு எனக்கே பயம் வந்தது. பாதை பிரிவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"எனக்கு இப்ப குடிக்கணும்போல இருக்கு" என்றேன்.

குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். குடிப்பதற்கு முன்னால் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்" என்றாள். "மூணு வாரமா தெனமும் பூ வருதே. போன ரெண்டு தடவையும் இப்படித்தான் மொதல்ல பூ வந்துச்சு."

அதைப் பிரியம் என்று நான் நினைத்திருந்தேன். அவள் பிடியை விட்டு மெதுவாக இறங்கினாள்.

"எம்புட்டு நேரம் இருக்கும் இது?"

"இருவது நிமிசம், அரைமணி நேரம். அதுக்குள்ள ஒண்ணும் பண்ணாம இருந்துட்டா தணிஞ்சிரும்னு கூட்டத்துல சொல்லுவாங்க."

"அப்ப உக்காருங்க. எனக்கும் தலை கிறுகிறுங்குது. ரெண்டும் இறங்கட்டும்."

பாலத்துக் கட்டைச்சுவரில் இருவரும் உட்கார்ந்தோம். கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் எடை போடுகிற வண்டிதான் ஒன்று, டிரைவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போயிற்றோ, எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு எறங்கிருச்சு. ஒங்களுக்கு?"

எறங்கிருச்சு என்று சொல்ல வாய் வந்தது.

"இன்னும் இல்ல" என்றேன்.

அவள் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.